சர்க்கரை நோயாளிக்கு ஷூவும் சாக்ஸும்: ‘பழகினால் சரியாகிவிடும்’ என்பது உண்மையா?

கேள்வி: 3 பிப்ரவரி 2025, மாலை

என் தந்தைக்கு வயது 68. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பாதத்தில் மதமதப்பும் உண்டு. பெட்டியில் ‘டயபடிக்’ என்று அச்சிட்டிருந்த மெத்தென்ற ஷூ ஒன்றையும் அதற்கேற்ற சாக்ஸையும் வாங்கிக் கொடுத்தேன். மிகவும் சுகமாக இருக்கிறது என்கிறார். ஆனால் மாலையில் கழற்றும்போது சுண்டுவிரலின் ஓரம் சிவந்திருக்கிறது. புது ஷூ என்றால் அப்படித்தான் இருக்கும், பழகினால் சரியாகிவிடும் என்பது அவருடைய வாதம். இது சரியா? எந்த நிறுவனத்தின் ஷூ நல்லது?

3 பிப்ரவரி 2025, இரவு

சரியில்லை. அந்த ஷூவை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஆம்பூரில் ஒரு ஏற்றுமதி ஷூ தொழிற்சாலையின் சாம்பிள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்; எனக்கும் சர்க்கரை உண்டு, பாதத்தில் உணர்வும் குறைவு. இந்த இரண்டு காரணங்களால்தான் எழுதுகிறேன். மருத்துவரின் இடத்தில் என்னை வைத்துவிட வேண்டாம்.

உங்கள் தந்தை பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே சுகமாகத்தான் இருக்கிறது. மரத்துப்போன பாதத்தைக் கேட்டு ஷூ வாங்குவதுதான் இதில் உள்ள சிக்கல். நல்ல உணர்வுள்ளவருக்கு ஷூ இறுக்கமாக இருந்தால் வலிக்கும். அவர் அதைக் கழற்றி வைத்துவிடுவார். உணர்வு குறைந்தவருக்கோ சரியான அளவுள்ள ஷூ காலில் இருப்பதே தெரியாது. தொளதொளவென்று இருப்பதாக நினைத்து, காலைக் கவ்விப் பிடிப்பது புலப்படும் வரை ஒவ்வோர் அளவாகக் குறைத்துக்கொண்டே வருவார். இறுதியில் ‘கச்சிதம்’ என்று அவர் தேர்ந்தெடுப்பது ஓர் அளவு சிறியதாக இருக்கும். கடையில் என் கால் இதே வேலையைச் செய்ய முயன்றதைப் பார்த்திருக்கிறேன். ஷூவோடு வாழ்ந்தவன் என்ற பெருமையெல்லாம் அதனிடம் எடுபடவில்லை.

சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஷூவைக் கழற்றிய சில நிமிடங்களில் மறையும் சிவப்பு வேறு. அரை மணி நேரம் கழித்தும் அதே இடத்தில் நிற்கும் சிவப்பு வேறு. இரண்டாவது வகை, அந்த இடத்துத் தோல் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் தவிக்கிறது என்பதற்கான அடையாளம். அடுத்த கட்டம் கொப்புளம், அதற்கடுத்தது புண். வலி இல்லாததால் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருப்பார்.

4 பிப்ரவரி 2025

நிறுவனத்தின் பெயரைக் கேட்டிருந்தீர்கள், நான் சொல்லப்போவதில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள் வெவ்வேறு லாஸ்ட்டில், அதாவது வெவ்வேறு அச்சில் ஏற்றப்பட்டிருக்கும். ஷூவின் வடிவத்தைத் தீர்மானிப்பது அந்த அச்சுதான். பெட்டியின் மேல் உள்ள பெயர் அன்று.

பெயருக்குப் பதிலாக ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாலை நேரத்தில், கால் வீங்கியிருக்கும் வேளையில், தந்தையைக் காகிதத்தின் மேல் எழுந்து நிற்கச் சொல்லி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். உட்கார்ந்த நிலையில் போட்டால் பயனில்லை. உடலின் எடை இறங்கும்போதுதான் பாதம் நீண்டு விரிகிறது. இரண்டு பாதங்களையும் தனித்தனியே வரைந்து வெட்டி எடுத்து, பெரியதைக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஷூவின் உள்ளே இருக்கும் இன்சோலை, அதாவது உள்ளடியை, வெளியே இழுத்து அதன் மேல் இந்தக் காகிதத்தை வையுங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இடம் மிச்சமிருக்க வேண்டும். விரல்கள் தொடங்கும் இடத்தில், பாதம் மிக அகலமாக இருக்கும் அந்தப் பகுதியில், காகிதம் இன்சோலைத் தாண்டி வெளியே பிதுங்கக் கூடாது. பிதுங்கினால் அந்த மாடலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இன்சோலை வெளியே எடுக்கவே முடியாத ஷூவென்றால், சர்க்கரை நோயாளிக்கு அது பொதுவாக ஏற்றதன்று.

உங்கள் வீட்டில் இருக்கும் அந்த ஷூவில் இப்போதே இதைச் செய்து பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் காகிதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

4 பிப்ரவரி 2025, சற்று நேரம் கழித்து

‘அகலம் போதவில்லை என்றால் ஒரு நம்பர் பெரிதாக வாங்கினால் போயிற்று’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ எல்லாக் கடைக்காரர்களும் சொல்லும் யோசனை இது. கணக்கைப் பாருங்கள். நம் ஊரில் புழங்கும் பிரிட்டன் அளவில் ஒரு நம்பர் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் நீளம். அதே ஒரு நம்பருக்கு முன்பாதத்தின் சுற்றளவு கூடுவதோ சுமார் ஆறு மில்லிமீட்டர்தான். அது பாதத்தைச் சுற்றிலும் பகிர்ந்துபோவதால் அடிப்பகுதியின் அகலத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் கிடைத்தால் அதிகம். ஆக, வேண்டாத நீளத்தைக் காசு கொடுத்து வாங்கி, குதிகால் மேலும் கீழும் உரசும் ஷூவைப் பெறுவீர்கள். சுண்டுவிரலில் வரவிருந்த கொப்புளம் குதிகாலுக்கு இடம் மாறும்.

தேவைப்படுவது அகலமான அச்சு. இங்கே விற்கும் பெரும்பாலான ஷூக்கள் ஒரே அகலத்தில் மட்டும் வருவது வாங்குபவருடைய குற்றமன்று. அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து, நம்மவர் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்று கண்டது. ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவுமுறை முன்மொழியப்பட்டதும் அந்த அளவெடுப்பிலிருந்துதான். எங்கள் தொழிற்சாலையில் அன்னிய நாட்டு அச்சுகளில் ஏற்றிய மாதிரிகளை நாங்களே காலில் போட்டுப் பார்க்கும்போது, நீளம் பொருந்தினாலும் முன்பக்கம் பிடிக்கும்.

9 பிப்ரவரி 2025

‘மதமதப்பு இருக்கிறதா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியவில்லை, எப்படிக் கண்டுபிடிப்பது’ என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார்.

மருத்துவமனையில் பத்து கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். பத்து கிராம் அழுத்தத்தில் அந்த இழை வளையும், அந்த அழுத்தம் தெரியாத பாதம் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத பாதம் என்று கொள்ளப்படுகிறது. வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவானதால் அந்த ஊரின் பெயராலேயே வழங்கும் சோதனை அது. கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒன்றிரண்டு விநாடி விரலால் மெல்லத் தொட வேண்டும். தட்டவோ அழுத்தவோ தடவவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருப்பதாகக் கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறும் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவமனைப் பரிசோதனையை விட வேண்டாம்.

9 பிப்ரவரி 2025, இரவு

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு இவை இருப்பதால் ‘எனக்குத்தான் உணர்வு நன்றாக இருக்கிறதே’ என்று பலர் நினைக்கிறார்கள். எரிச்சலும் மரத்துப்போதலும் ஒரே பாதத்தில் ஒன்றாகவே இருக்கலாம். எனக்கு இரவில் பாதம் எரியும். பகலில் சட்டைப் பொத்தான் ஒன்று ஷூவுக்குள் கிடந்தது தெரியாது.

16 பிப்ரவரி 2025

எம்.சி.ஆர். எனப்படும் மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பைப் பற்றிக் கேட்டவருக்கு விரிவாகவே எழுதலாம், ஏனென்றால் இது எங்கள் பக்கத்துக் கதை.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதத்தில் மீண்டும் மீண்டும் புண் வருவதற்கு நோய் நேரடியாகச் சதையை அரிப்பது காரணம் என்று அப்போது நம்பப்பட்டது. அவரும் அவருடன் இருந்தவர்களும் வேறொன்றைக் கண்டார்கள்: உணர்வு போன பாதத்தில் ஒரே இடத்தில் ஒவ்வோர் அடிக்கும் விழும் சாதாரண அழுத்தமே போதும். மற்றவர்கள் வலி தொடங்கியதும் தம்மையறியாமல் நடையை மாற்றிக்கொள்கிறார்கள். தொழுநோயாளிகளால் அது முடியவில்லை. வேலூரிலும் அதற்கருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அதற்காகப் பல பொருள்களைச் செருப்பில் வைத்துப் பார்த்து இறுதியில் நிலைத்தது, நுண்ணிய காற்றறைகள் கொண்ட மைக்ரோ செல்லுலார் ரப்பர். 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிறகு, அதே அறிவு அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குப் பயன்பட்டது. நான் மேலே சொன்ன பத்து கிராம் இழையை அளவுகோலாக்கிய ஆய்வும் 1986இல் கார்விலில் இருந்துதான் வந்தது. இன்று உலகெங்கும் சர்க்கரை நோயாளிக்குத் தரப்படும் செருப்பில் வடாற்காட்டு மண் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஒரு காலத்தில் இந்தச் செருப்பை அணிந்தவரைத் தெருவில் பார்த்தாலே ‘தொழுநோயாளி’ என்று அடையாளம் கண்டுகொண்டார்கள்; அந்தப் பயத்தால் சர்க்கரை நோயாளிகள் பலர் அதை வாங்கி வீட்டில் பூட்டி வைத்திருந்தார்கள். இப்போது வழக்கமான சாண்டல் வடிவிலேயே கிடைக்கிறது. சென்னையில் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 2004இல் வெளியான ஓர் ஆய்வு, கடினமான அடித்தளம் கொண்ட தங்கள் பழைய செருப்பிலேயே இருந்தவர்களைவிட எம்.சி.ஆர். போன்ற மென்மையான உள்ளடி போட்டவர்களுக்குப் புதுப் புண் குறைவாகவே வந்தது என்று காட்டியது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: ரப்பரின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து அழுத்துங்கள். ஏறத்தாழப் பாதியளவுக்கு அமுங்கி, விட்டதும் உடனே எழ வேண்டும். அமுங்காதது வெறும் ரப்பர். அமுங்கி எழாதது, ஒரு மாதத்தில் கால் தடம் பதிந்து தட்டையாகிவிடும் மலிவான நுரை. இன்னொன்று, அடியில் கெட்டியான சோல் கட்டாயம் இருக்க வேண்டும். மெத்தென்ற பகுதி அழுத்தத்தைப் பகிர்வதற்கு. கருவேல முள்ளையும் ஆணியையும் தடுப்பது அந்தக் கெட்டிச் சோல். முழுவதும் மெத்தென்று இருக்கும் செருப்பைக் கையில் வளைத்துப் பார்த்து மகிழ்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கும்.

17 பிப்ரவரி 2025

ஹவாய்ச் செருப்பு வேண்டாம். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே உள்ள பட்டை அந்த இடுக்கை அறுக்கும். மேலும் அதைக் காலில் நிறுத்துவது விரல்களின் பிடிதான். உணர்வில்லாத விரலால் பிடிக்க முடியாது. செருப்பு வாசலிலேயே கழன்று கிடக்க, வெறுங்காலோடு கடைவீதி வரை நடந்து போனவர்கள் உண்டு. பின்பக்கம் பட்டையும், முன்பக்கம் அளவு மாற்றக்கூடிய வெல்குரோவும் உள்ள சாண்டல் நல்லது. வெல்குரோவை இறுக்கி ஒட்டியபின் ஒரு விரல் உள்ளே நுழைகிறதா என்று வேறொருவர் பார்க்கட்டும்.

23 பிப்ரவரி 2025

சாக்ஸைப் பற்றி இதுவரை எழுதாமல் விட்டதற்குக் காரணம், அது ஷூவைவிட எளிது என்பதுதான். விரல் பக்கத்துத் தையல் தடிமனாக இல்லாதது வேண்டும். அப்படிக் கிடைக்கவில்லை என்றால் சாக்ஸை உட்புறம் வெளியாகத் திருப்பி, தையல் வெளியே இருக்குமாறு அணியலாம். பார்க்க அழகாக இருக்காது. ஷூவுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்? மேல்விளிம்பின் எலாஸ்டிக் கழற்றிய பிறகு கெண்டைக்காலில் பள்ளம் பதிக்கக் கூடாது. முழங்கால் வரை இறுக்கும் சாக்ஸை மருத்துவர் சொல்லாமல் அணியவே கூடாது; காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவருக்கு அது தீங்கு செய்யும். நாள்தோறும் மாற்ற வேண்டும், கிழிந்ததைத் தைத்துப் போடக் கூடாது. பருத்தி நல்லது.

நிறம் வெள்ளையாக இருக்கட்டும். சிறு காயத்தின் இரத்தமோ நீரோ வெள்ளையில் உடனே தெரியும். கறுப்புச் சாக்ஸ் பாதத்தைவிட விசுவாசமானது, எதையும் காட்டிக்கொடுக்காது.

2 மார்ச் 2025

‘இந்தச் செலவெல்லாம் எதற்கு? பூங்காவில் கூழாங்கல் பாதையில் எட்டு போட்டு வெறுங்காலோடு நடந்தால் நரம்பு தூண்டப்பட்டு மதமதப்பே போய்விடும்’ என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். அவருக்குச் சர்க்கரை இல்லை என்று நம்புகிறேன்.

எட்டு வடிவ நடையை நான் குறை சொல்லவில்லை. நடை நல்லது, எந்த வடிவத்திலும் நடக்கலாம். உணர்வு குறைந்தவர் வெறுங்காலோடு கூழாங்கல்லில் நடப்பதைத்தான் எதிர்க்கிறேன். கூழாங்கல் ஒவ்வொன்றும் உடலின் எடையை ஒரு சிறு புள்ளியில் குவிக்கிறது. இத்தனை நேரம் அழுத்தத்தைப் பரப்புவது எப்படி என்று பேசிவிட்டு, அதைக் குவிக்கும் பாதைக்கு அவரை அனுப்புவது எந்த நியாயம்? முள் முள்ளாகக் குமிழ் வைத்த அக்குபிரஷர் செருப்புக்கும் இதே பதில்தான். கடையில் அதைச் சர்க்கரை நோயாளிக்கென்றே எடுத்துக் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருந்தால் உணர்வு நன்றாக உள்ள வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கால் ஆணிக்கு ஒட்டும் கார்ன் கேப்பையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் ஆணியோடு சுற்றியுள்ள நல்ல தோலையும் கரைக்கும். ஆணி விழுந்த இடம், ஷூ அங்கே அழுத்துகிறது என்று பாதம் எழுதிக் கொடுத்த புகார். பிளேடால் அந்தப் புகாரை வெட்டி எறிவதால் வழக்கு முடிந்துவிடாது.

5 மார்ச் 2025

தூங்கும்போது ஒரு சர்க்கரை நோயாளியின் கால்விரலை எலி கடித்தது என்ற செய்தியை நம்ப முடியவில்லை என்றவருக்கு: நம்புங்கள். உணர்வற்ற விரலை இரவில் எலி கொறித்தால் தூங்குபவருக்குத் தெரியாது. வேலூரில் தொழுநோயாளிகளுக்கு இரவில் புதுக் காயங்கள் எப்படி வந்தன என்று தேடிய பிராண்ட் கண்டது எலிகளைத்தான். அதற்கு அவர் எழுதிக் கொடுத்த மருந்து, ஆளுக்கொரு பூனை. எலித் தொல்லை உள்ள வீட்டில் இரவில் தளர்வான, சுத்தமான சாக்ஸோடு தூங்குவதில் தவறில்லை. பூனைக்கு அளவு பார்க்க வேண்டியதில்லை.

20 மார்ச் 2025

வெயில் ஏறிவிட்டதால் இதை இப்போதே எழுத வேண்டும். வீட்டுக்குள் செருப்பு போடுவது நம் வழக்கத்தில் இல்லை. கோயிலிலும் பள்ளிவாசலிலும் போட முடியாது. வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தும் ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொண்டால் பெரியவர்களும் சில நாளில் ஏற்றுக்கொள்கிறார்கள். என் வீட்டில் அது அடுக்களை வாசல் வரை அனுமதி பெற்றது, பிறகு உள்ளேயும் வந்துவிட்டது. கோயிலுக்கு விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ போகலாம். நண்பகலில் பிரகாரத்துக் கல் பாதத்தைப் பொசுக்கும். மற்றவர்கள் துள்ளிக்கொண்டு தென்னைநார் விரிப்புக்கு ஓடும்போது, உணர்வில்லாதவர் நிதானமாகக் கல்லிலேயே சுற்றி வருவார், அவருடைய பக்தியைப் பார்த்து நாமும் வியப்போம். அனுமதிக்கும் இடங்களில் தடித்த சாக்ஸ் அணியலாம், ஆனால் அது வெப்பத்தைச் சற்றுத் தாமதப்படுத்துமே தவிர தடுக்காது. தொழுகைக்கு முன் கால் கழுவுபவர்கள் விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்திவிட்டுத்தான் சாக்ஸ் போட வேண்டும். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைப்பதும் வேண்டாம். கால் கழுவும் நீர் உடல் சூட்டைத் தாண்டக் கூடாது. அதைச் சர்க்கரை இல்லாதவர் முழங்கையால் தொட்டுச் சொல்லட்டும்.

21 மார்ச் 2025

பிப்ரவரியில் ‘பருத்தி நல்லது’ என்று ஒரே வரியில் முடித்ததை விரித்துச் சொல்ல வேண்டும். முழுப் பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் விடாது. ஏப்ரல், மே மாதங்களில் நாள் முழுவதும் ஷூவோடு நிற்பவருக்கு மதியத்துக்குள் சாக்ஸ் ஈரத் துணியாகிவிடும், ஈரத்தோல் விரைவில் உரசிக் கிழியும். பருத்தியோடு செயற்கை இழை கலந்தது விரைவாக உலரும். இல்லையேல் மதியம் மாற்ற இன்னொரு ஜோடி கையில் இருக்கட்டும். நான் இரண்டாவதைச் செய்கிறேன். பழக்கம்தான் காரணம், வேறு தத்துவம் இல்லை.

தடித்த சாக்ஸ் வாங்கினால் அதைப் போட்டுக்கொண்டுதான் ஷூவின் அளவைப் பார்க்க வேண்டும். சரியாக இருந்த ஷூ, புதுச் சாக்ஸினால் இறுக்கமான ஷூவாக மாறும்.

14 ஏப்ரல் 2025

கேள்வி கேட்டவர் காகிதத்தை வைத்துப் பார்த்தேன் என்றும் சுண்டுவிரல் பக்கம் அரை சென்டிமீட்டர் வெளியே நிற்கிறது என்றும் எழுதியிருக்கிறார். வேறு ஷூ வாங்கியதும் முதல் நாளே நடைப்பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். வீட்டுக்குள் ஒரு மணி நேரம் அணிந்து, கழற்றி, பாதத்தைச் சுற்றிலும் பாருங்கள். சிவப்பு இல்லையென்றால் மறுநாள் சற்று நேரத்தைக் கூட்டலாம். அணியும் முன்பு ஒவ்வொரு முறையும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, கையை நுனி வரை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே கை தேடுவது கல்லை மட்டுமல்ல. லைனிங் மடிந்திருக்கலாம், தையல் முடிச்சு துருத்தியிருக்கலாம், உள்ளடி பெயர்ந்து விளிம்பு எழுந்திருக்கலாம். தொழிற்சாலையில் பெட்டியில் போடும் முன் நாங்கள் செய்த அதே சோதனை. உங்கள் தந்தையின் விரல் நுனிகளும் மரத்திருந்தால் நீங்கள் செய்யுங்கள்.

15 ஏப்ரல் 2025

ஒருவர் தம் தாயின் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருப்பதாகவும் வலியே இல்லை என்பதால் பெரிய ஷூ வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். வாங்க வேண்டாம். அந்தக் காலை ஊன்றாமல் இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாதத்து எலும்பும் மூட்டும் உள்ளுக்குள் நொறுங்கும் சார்க்கோ பாதமாக இருக்கலாம்; தொற்றாகவும் இருக்கலாம். நடக்க நடக்க பாதத்தின் வடிவமே குலைந்துவிடும், பிறகு கடையில் கிடைக்கும் எந்த ஷூவும் பொருந்தாது.

8 ஜூன் 2025

எம்.சி.ஆர். ஷீட்டை மட்டும் வாங்கி, வெட்டி, இருக்கிற ஷூவுக்குள் போடலாமா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டதால் இங்கேயே பதில். ஷூவில் ஆழம் இருந்தால் போடலாம். ஷீட் பத்து மில்லிமீட்டர் தடிமன் என்றால், பாதம் அந்த அளவுக்கு மேலே ஏறும். விரல்களின் மேற்புறம் அப்பரில், அதாவது ஷூவின் மேல்பகுதியில், இடிக்கும், குதிகால் பின்சுவரைத் தாண்டி எழும்பும். ஆகவே பழைய இன்சோலை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். அதன் பிறகும் விரல்களுக்கு மேலே இடமில்லை என்றால் அந்த ஷூ அதற்கு உரியதன்று. அடிப்பாதத்தில் ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்கள் கடை ஷீட்டோடு நின்றுவிடக் கூடாது. அவர்களுக்குப் பாதத்தின் அச்செடுத்து வார்த்த இன்சோல் வேண்டும், அதை மருத்துவமனையின் காலணிப் பிரிவில் செய்வார்கள். ஷீட் போட்டவர்கள் மாதம் ஒரு முறை அதை வெளியே எடுத்து, பெருவிரலின் அடிமூட்டு பதியும் இடத்தையும் பதியாத ஓரத்தையும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல எழவில்லை என்றால் புதிது வெட்டும் நேரம் வந்துவிட்டது.